நகல் யாருக்கு?

எங்கள் தோட்டத்தில் தலைவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. கோயில் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், தொழிற்சங்கக் கிளைத் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், இளைஞர் மணிமன்றத் தலைவர். எண்ணிப் பார்த்தால் இத்தனை பதவிக்கும் இரண்டு மூன்று பேர்தான் மாறி மாறி இருப்பார்கள். மலாக்கா மாநிலத்தில் ஜாசினிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில், ரப்பரும் செம்பனையும் பாதிக்குப் பாதி நின்ற தோட்டம் அது. அப்பா முதலில் பால் வெட்டினார். மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு குலை அறுக்கப் போனார். அம்மாவுக்கு மிச்சமிருந்த பால்மரங்கள்.

தலைவர்களின் வேலை எளிது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆப்பீஸ் வாசலில் நின்று எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்வார். சொன்னாரா, சொன்னதற்குத் துரை என்ன சொன்னார் என்பது வாசலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக் கூரை ஒழுகுகிறதா? சொல்லியாச்சு. மேல் லயத்துக் குழாயில் தண்ணீர் ஏறவில்லையா? அதையும் சொல்லியாச்சு. இந்த 'சொல்லியாச்சு' ஒன்றை வைத்துக்கொண்டே எங்கள் ஆயாக்கொட்டகை பல மழைக்காலங்களைக் கடத்தியது.

அவர்களைப் பயந்தவர்கள் என்று தள்ளிவிட முடியாது. 1967இல் எங்கள் மாவட்டத்திலேயே, புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வழக்கைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா உட்கார்ந்திருந்தால் எழுந்து நின்றுவிடுவார். ஊர் ஊராகச் சோறு போட்டவர்கள், செருப்பில்லாத கால்கள் எல்லாம் அதில் வரும். கோலாலம்பூர் வரை நடக்கத் தெம்பிருந்த நம் ஆட்களுக்கு ஓர் ஆயாக்கொட்டகைக் கூரையை மாற்ற முடியவில்லையே, அது ஏன் என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. அதற்கான விடையின் ஒரு பகுதியைப் பிற்பாடு ஒரு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கண்டுபிடித்தேன்.

தமிழ்ப்பள்ளி, அப்புறம் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, ஜாசினில் இடைநிலைப்பள்ளி, மலாக்கா பட்டணத்தில் ஆறாம் படிவம். 1996இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் புடுராயாவுக்குப் பேருந்து. அங்கிருந்து இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் 60 சென் கொடுத்து, ஒரு காலில் நின்றபடி பல்கலைக்கழக வாசல். அப்பாவின் கையில் இரும்புப் பெட்டி, அம்மாவின் கையில் புளிச்சோறு.

அங்கே கல்லூரி என்றால் தங்குமிடம். முதலாம் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்று எண்ணால்தான் அழைப்பார்கள். சிங்கப்பூரில் 1949இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 1959இல் கோலாலம்பூரில் தனிப் பிரிவாகக் கால் ஊன்றியபோதே முதலாம் கல்லூரியும் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பெங்கெத்துவா எனப்படும் ஒரு முதல்வர், அவருக்குக் கீழே சில விரிவுரையாளர்கள், அவர்களுக்குக் கீழே மாணவர் செயற்குழு. எனக்குக் கிடைத்த அறையில் கிளந்தான் பெண் ஒருத்தி. அவள் பேசும் மலாய் எனக்குப் பாதி புரியவில்லை, நான் பேசியதோ அவளுக்குப் பாடப்புத்தகம் போல இருந்ததாம்.

அறிமுக வாரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கழுத்தில் பெயர் அட்டை, தொண்டை கட்டும்வரை கல்லூரி முழக்கம், தூக்கமில்லாத இரவுகள். எனக்கு அந்த வாரத்தில் நடந்த உருப்படியான காரியம், மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன நாலு வார்த்தைதான்.

"தங்கச்சி, தமிழ்ப் பேரவைக்கு வா, வேணாங்கல. ஆனா காலேஜ் கமிட்டிய விட்டுடாத. நீ படுக்கிற கட்டில் அவங்க கையில இருக்கு."

அவர் சொன்னது மெரிட் கணக்கு. முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியில் இடம் உண்டு. அடுத்த ஆண்டுக்குக் கட்டில் குறைவு, கேட்பவர் அதிகம். யார் விளையாட்டில், கலைநிகழ்ச்சியில், குழுக்களில் வேலை செய்தார்களோ அவர்களுக்குப் புள்ளி. புள்ளி இல்லாதவர்கள் பந்தாய் டாலாமிலோ செக்‌ஷன் 17இலோ வீடு தேடிக்கொள்ள வேண்டியதுதான். வாடகை, முன்பணம், பஸ் காசு. அப்பாவின் சம்பளச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன், அதில் இதற்கெல்லாம் இடமில்லை. என்னைத் தலைமைத்துவத்துக்கு இழுத்துக்கொண்டு போனது சேவை மனப்பான்மை என்று பின்னாளில் மேடைகளில் அறிமுகம் செய்திருக்கிறார்கள். உண்மையில் இழுத்தது ஓர் ஒற்றைக் கட்டில்.

தமிழ்ப் பேரவை எங்களுக்குத் தாய்வீடு. தனிநாயகம் அடிகள் இருந்து கட்டிய இந்திய ஆய்வியல் துறையின் நிழல், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த வளாகம் என்ற பெருமை, 'பேரவைக் கதைகள்' போட்டிக்கு அனுப்பி வைத்த சிறுகதைகள். அங்கே பேசினால் கைதட்டுவார்கள். கல்லூரிக் குழுவில் கைதட்ட ஆளில்லை. நேர்காணலுக்குப் பிறகு எனக்கு நலன் பிரிவில் இடம் கொடுத்தார்கள். பீரோ கெபாஜிக்கான் என்று பெயர் பெரிது. நோயாளிகளை மருந்தகத்துக்கு அழைத்துப் போவது, சாப்பாட்டுக் கூடத்துப் புகார்ப் பெட்டியைத் திறந்து படிப்பது, தொலைந்த சாவிக்கு அலைவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

பெட்டியைத் திறந்த முதல் நாளே கரண்டி விஷயம் வந்தது. மாட்டுக்கறிக் குழம்பில் போட்ட அகப்பையையே பருப்பிலும் போடுகிறார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கும் தெரிந்த சங்கதிதான். நான் நேரே கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாளும் அதே அகப்பை. மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார். குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மூவாரைச் சேர்ந்த எங்கள் தலைவர் கேட்டார்: "மானா ஈத்தாம் பூத்தே?" எழுத்தில் எங்கே என்கிறார். "சொல்லிட்டேன்" என்றேன். எனக்குள் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் பேசுவது எனக்கே கேட்டது.

அன்றிரவு அறைத் தோழி என்னை மேசையில் உட்கார வைத்து அரசாங்கக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தாள். அவள் அப்பா ஒரு மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். மேலே கோப்பு எண். அதன் கீழே தேதி. பிறகு விஷயம், பெரிய எழுத்தில், ஒரே வரியில். அடுத்து எண்ணிட்ட பத்திகள், ஒரு பத்திக்கு ஒரு சங்கதி. கோபத்தை இரண்டாம் பத்தியில் வைக்காதே, மரியாதையை ஐந்தாம் பத்தியிலும் விட்டுவிடாதே. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதைக் கேள். கையெழுத்துக்குக் கீழே இரண்டெழுத்து: எஸ்.கே. நகல் யாருக்குப் போகிறது என்பது அங்கேதான் வரும். பெங்கெத்துவாவின் பெயரை அதில் போட்டோம்.

கடைக்காரர் கடிதத்தை வாங்கியதும் கடைசி வரியைத்தான் முதலில் படித்தார். அந்த வாரமே பருப்புக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை, இரண்டையும் வைக்கத் தனி மேசை எல்லாம் வந்துவிட்டன. முன்பு இருந்த அதே மனிதர்தான், அதே சிரிப்புதான். இதுவரை என் பேச்சு அவர் காதில் மட்டும் இருந்தது, அதை அவர் மறந்துவிட்டால் கேட்க ஆளில்லை. இப்போது அது மூன்று கோப்புகளில் இருந்தது. மறப்பதற்கு மூன்று பேர் சேர்ந்து மறக்க வேண்டும்.

தீபாவளி இரவு நடத்தும் பொறுப்பு வந்தபோது கெர்த்தாஸ் கெர்ஜா என்ற திட்ட அறிக்கையோடு மல்லுக்கட்டினேன். நோக்கம், நாள், இடம், செயற்குழு, நிகழ்ச்சி நிரல், வரவு செலவு என்று ஒரு சின்னப் புத்தகமே எழுதிக் கொடுத்தால்தான் மண்டபச் சாவியே கிடைக்கும். கோலத்துக்கு அரிசி என்று போட்டிருந்ததை வட்டமிட்டு, தரையில் கொட்ட அரிசி எதற்கு என்று மாணவர் விவகாரப் பிரிவிலிருந்து கேட்டார்கள். அலங்காரப் பொருள் என்ற தலைப்புக்கு அதை மாற்றி எழுதியதும் ஒப்புதல் வந்தது. சாயம் கலந்த அரிசியைக் கோட்டுக்குள் நிரப்ப அன்று சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் மண்டப வாசலில் விடியும்வரை குந்தியிருந்தார்கள்.

முறுக்கு எங்கள் தோட்டத்துப் பக்கத்து வீட்டு அத்தை சுட்டது. காசைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டேன்.

"என்னடி, என் முறுக்குக்குச் சாட்சியா?" என்றார்.

"கணக்குக்கு வேணும் அத்தை."

பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எத்தனை டின், டின் என்ன விலை, மொத்தம் எத்தனை வெள்ளி என்று நான் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த தீபாவளிக்கு நான் கேட்காமலே ரசீது வந்தது. ஜாசின் பட்டணத்துக் கடைக்கும் முறுக்குப் போட ஆரம்பித்திருந்தார், அங்கேயும் ரசீதோடுதான்.

இதுவரை எல்லாம் இனிப்பு. கசப்பு அரிசிக் குக்கரில் வந்தது.

அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. மின்கம்பி பழசு, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பது அதற்கான காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் கடனுதவிப் பணம் சில தவணைகளில் தாமதமாக வரும். வரும்வரை சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளையும் வாங்கிச் சாப்பிட முடியாத பெண்கள் கட்டிலுக்கடியில் குக்கர் வைத்திருந்தார்கள். அரை டம்ளர் அரிசி, ஒரு சாடின் டின், நான்கு பேர். 1997இல் வெள்ளியின் மதிப்பு சரிந்து விலைவாசி ஏறியபோது குக்கர்களும் பெருகின. அதே சமயத்தில் திடீர்ச் சோதனைகளும் வந்தன. சோதனைக்கு வரும் அதிகாரியோடு மாணவர் குழுவிலிருந்து ஒரு பெண் கூடப் போக வேண்டும். அந்தப் பெண் நான்.

நடைவழியில் எங்களைப் பார்த்ததும் ஓர் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தண்டல் வர்றாடி."

சொன்னவள் பேராக் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அந்தச் சொல்லின் எடை எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் தண்டல், துரை வீட்டுப் பிள்ளை இல்லை. நம் லயத்தில் பிறந்து, நம் கோயிலில் காவடி எடுத்து, ஒருநாள் கையில் நோட்டோடு எதிர்ப்பக்கத்தில் நிற்பவன். அப்பாவை மரத்தடியில் நிற்க வைத்து, பட்டை ஆழமாக வெட்டியதற்காகத் திட்டியவரும் எங்கள் உறவுக்காரத் தண்டல்தான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. பதவியை விட்டுவிடலாம் என்று அறைத் தோழியிடம் சொன்னேன். "விட்டா வேற ஒருத்தி நோட்டைப் பிடிப்பா. அவளுக்குக் குக்கர் ஏன் இருக்குதுன்னு தெரியாது," என்றாள்.

அந்த ஏன் என்பதை எழுதினேன். எந்தெந்த மாடியில் எந்தெந்த வாரம் குக்கர்கள் பிடிபட்டன, கடனுதவி எப்போது வந்தது என்று இரண்டு பட்டியல்கள். பெயர்கள் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணம் வராத வாரங்களில்தான் குக்கர்கள் அதிகம் என்பது கண்ணில் அறைந்தது. தீப்பிடிக்கும் பயமும் குறைய வேண்டும், பெண்களும் சாப்பிட வேண்டும். ஆகவே மாடிக்கு ஒரு பொது இடத்தில், சரிபார்த்த மின்செருகியில், ஒரு குக்கர் வைக்கலாமா என்று கேட்டோம். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் மினிட்டிலும் "முந்தைய கூட்டத்தின் நிலுவை" என்ற தலைப்பின் கீழ் அது வந்துகொண்டே இருந்தது. நிலுவையில் உள்ள ஒன்றை அழிக்க இரண்டே வழி. செய்ய வேண்டும், அல்லது செய்ய முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் குக்கர்கள் வந்தன. பேராக் பெண் என்னிடம் வந்து நன்றியெல்லாம் சொல்லவில்லை. அதில் முதன்முதலாகப் பொங்கிய சோற்றில் ஒரு தட்டு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தாளின் இன்னொரு முகத்தையும் அதே கல்லூரியில் பார்த்தேன். அறிமுக வாரத்திலேயே பல்கலைக்கழகச் சட்டத்தைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். 1971இல் வந்த சட்டம். 1974 டிசம்பரில் பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் வீதிக்கு வந்த பிறகு, 1975இல் அதை இறுக்கினார்கள். அதன் 15ஆம் பிரிவு மாணவர்கள் அரசியல் கட்சிக்கோ தொழிற்சங்கத்துக்கோ ஆதரவு, அனுதாபம், எதிர்ப்பு எதையும் காட்டக் கூடாது என்றது. கட்சி சரி. தொழிற்சங்கம் என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். மாதாமாதம் அப்பாவின் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் மேல் எனக்கு அனுதாபம் இருந்தால், அதை வெளியே சொன்னால், நான் குற்றவாளி.

1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்டபோது வளாகம் கொதித்தது. எங்கள் குழுக் கூட்டத்திலும் பேச்சு அங்கே போனது. நான் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தேன். தலைவர் என் பேனாவின் மேல் கைவைத்தார். "இதை மினிட்டில் ஏற்றாதே." எழுதாவிட்டால் நடக்காது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எழுதினால் ஒருவனின் படிப்பே போய்விடும் என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். எழுத்து ஒரு பொறுப்பை அடுத்தவர் தோளில் ஏற்றும் கருவி என்றால், அதே எழுத்தை யார் வேண்டுமானாலும் நம் தோளிலும் ஏற்றலாம். நம்மை ஆள்பவரைக் கணக்கில் நிறுத்தும் தாள் எது, நம்மில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் தாள் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது. 15ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2011 அக்டோபர் வரை ஆனது. அதையும் நான்கு மாணவர்கள் வழக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள்.

நான் பட்டம் பெற்று மலாக்கா பட்டணத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில், எங்கள் தோட்டம் கைமாறப் போவதாகச் செய்தி வந்தது. அப்பா ஆப்பீசுக்குப் போய்விட்டு வந்து, "எல்லாம் பாத்துச் செய்றேன்னு சொல்லியிருக்காங்க," என்றார்.

"எழுத்தில இருக்காப்பா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பணிநீக்கச் சலுகைக்கு 1980இல் வந்த ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து வருஷத்துக்குள் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். 26 வருஷம் உழைத்தவருக்கு 520 நாள் சம்பளம். புது முதலாளி முந்தைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் உடனே வேலை தந்தால் பழைய வருஷங்கள் அறுபடாமல் தொடரும். ஆகவே எங்கள் ஆட்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய வருஷங்கள் சேருமா, சேராதா?

தொழிற்சங்கக் கிளைத் தலைவர் வீட்டு ஐந்தடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். கோப்பு எண், தேதி, விஷயம், எண்ணிட்ட பத்திகள். பின்னிணைப்பாக ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை எண், வேலைக்குச் சேர்ந்த வருஷம். வருஷத்தைச் சொல்ல வந்தவர்கள் பழைய சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்களில் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் தாள்களை எறிந்ததே இல்லை. அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்றுதான் அதுவரை யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவ்வளவுதானே பாப்பா?" என்றார். கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். நகல்: தொழிலாளர் இலாகா. நகல்: தொழிற்சங்கத் தலைமையகம்.

பதில் எழுத்தில் வந்தது. பணம் கணக்குப்படி வந்தது. வீடுகள் தங்கவில்லை, லயங்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கோயிலும் இடம் மாறியது. ஒரு கடிதம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று எங்களுக்குத் தெரிந்த சட்டத்தில் வருஷங்களுக்கு விலை இருந்தது. மூன்று தலைமுறை குடியிருந்த லயத்தை எங்களுடையது என்று சொல்லிக் கேட்க அதில் ஒரு வரி இல்லை.

இப்போது மலாக்காவிலேயே பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன. ஆயர் குரோவில் ஒன்று, டுரியான் துங்காலில் ஒன்று. என் அண்ணன் மகள் டுரியான் துங்காலில் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்து, மாணவர் குழுவுக்கு நிற்கப் போகிறேன் அத்தை, தலைவர் பதவிக்கு நிற்கவா என்று கேட்டாள்.

செயலாளருக்கு நில் என்றேன். முகம் சுளித்திருப்பாள், குரலிலேயே தெரிந்தது. தலைவர் பேசுவதை ஒரு தவணை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். செயலாளர் எதை எழுதினாளோ, எதை எழுதாமல் விட்டாளோ, யாருக்கு நகல் அனுப்பினாளோ அதுதான் அடுத்த குழுவுக்குக் கையில் மிஞ்சும். ஒரு வருஷம் மினிட் எழுது. அப்புறமும் தலைவராகத் தோன்றினால் நில், நானே வந்து ஓட்டுக் கேட்கிறேன் என்றேன்.

செயலாளருக்குத்தான் நின்றாள், ஜெயித்தும்விட்டாள். முதல் கூட்டத்து மினிட்டை எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு எழுத்துப் பிழை. நிலுவைத் தலைப்பின் கீழ் ஒன்றும் இல்லை. யாருமே ஒன்றும் கேட்கவில்லையா, இல்லை நீ எழுதவில்லையா என்று கேட்டுப் பதில் அனுப்பினேன்.